கண்ட்ரோல் பெயர் சொல்வதில்லை

ஜூன் 2, திங்கள்

பிப்ரவரியோடு நிறுத்தியிருந்த நாட்குறிப்பை இன்று மறுபடி தொடங்குகிறேன். பொறுப்பு ஒன்று வந்திருக்கிறது. பொறுப்பு வந்தால் குறிப்பு வேண்டும்.

இதை என்றாவது படிக்கப்போவது என் மகள் ரோஸ்லின்தான். அவள் குழம்பாதிருக்கச் சொல்லிவிடுகிறேன். புதுத்துறை என்பது கணினிக்குள் இருக்கும் நகரம். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை எண்பது பேர் அவரவர் வீட்டிலிருந்து அதற்குள் நுழைகிறார்கள். ஒருவர் டாக்சி ஓட்டுவார், ஒருவர் பரோட்டா கடை வைத்திருப்பார், ஒருவர் திருடுவார். எல்லோரும் ஒரு வேடம், ஒரு புனைபெயர். பேசுவது மட்டும் சொந்தக் குரலில். என் மருமகன் பிப்ரவரியில் வந்திருந்தபோது, "சும்மா உக்காந்திருக்காதீங்க அத்தை" என்று இதை என் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார். நான் விடவில்லை. மாலை ஐந்து மணிக்கு எனக்கு வீட்டில் வேறு வேலை இல்லை.

போலீஸில் சேர்ந்தேன். முதல் நாள் ஜீப்பைக் கடலுக்குள் இறக்கினேன். இரண்டாம் நாளும். அதன் பிறகு கட்டுப்பாட்டு அறையில், வயர்லெஸ் முன்னால் உட்கார வைத்தார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை. திருச்சி டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் இருந்திருக்கிறேன், கடைசி ஒன்பது வருடம் சூப்பர்வைசராக. அங்கே ஆபரேட்டருக்குப் பெயர் கிடையாது, எண்தான். நான் இருபத்தாறு. இங்கே நான் கண்ட்ரோல்.

இன்று மாலை கமிஷனர் என்னைப் பயிற்சிப் பொறுப்பாளர் ஆக்கினார். அவர் கோயம்புத்தூர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரியும். வேறெதுவும் தெரியாது.

"ஏனுங்க மேடம், நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு உங்களாட்டம் ஒருத்தரு வேணுமுங்க. பசங்க சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க."

நியமனத்தை எழுத்தில் கேட்டேன். தந்தார், மூன்று எழுத்துப் பிழைகளுடன்.

ஜூன் 3, செவ்வாய்

துறையின் நிலைமை. மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் அதிகாரிகள். கமிஷனருக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. கோபித்துக்கொண்டு போகிறேன் என்பவனுக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் குத்திவிடுகிறார். ஒரு டி.எஸ்.பி.க்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. சென்ற வாரம் வங்கிக் கொள்ளையின்போது ஐந்து பேர் ஒரே நேரத்தில் வயர்லெஸ்ஸில் கத்தி, கடைசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். திருடர்கள் வரிசையில் நின்று டீ குடித்துவிட்டுப் போனார்களாம்.

இன்று புது ஆட்கள் ஆறு பேருக்கு வகுப்பு எடுத்தேன். முதலில் எண், பிறகு இடம், பிறகு செய்தி. ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: சீருடை போட்டபின் வெளியுலகம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் விருந்தாளி, கடையில் ஆள் வந்திருக்கிறார், குழந்தை அழுகிறது, எதுவும் வயர்லெஸ்ஸில் வரக் கூடாது. மீறினால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி வாங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

மடத்துப் பள்ளியில் மதர் பெர்னதெத் இப்படித்தான் வைத்திருந்தார். நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

காவலர் பதினேழு ஒரு தலைவலி. நாற்பதைத் தாண்டிய குரல், கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு. மோசமான ஆள் இல்லை. வண்டியை நன்றாக ஓட்டுகிறார். ஆனால் வாயை மூடமாட்டார்.

"கண்ட்ரோல், பதினேழு பேசுதேன். கடையில கரண்டு போயிட்டு மேடம், இன்வெர்ட்டர்ல ஓடுது, நடுவுல நின்னா கோவிக்காதிய."

"பதினேழு, புதுத்துறையில உங்களுக்குக் கடை கிடையாது. ஓவர்."

"இல்ல மேடம், இங்கன நம்ம ஜெராக்ஸ் கடை…"

ஒரு புள்ளி போட்டேன்.

குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கினேன். பழையதில் ஒருவருக்குச் சமைக்கும்போது விசில் வரவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

திருப்பலி. வெயில். பங்குத்தந்தை மாலை ஜெபமாலைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார். முழங்கால் என்றேன்.

மேயர் இன்று எல்லாத் துறைகளையும் கூப்பிட்டுப் பேசினார். மேயர் என்பது இந்த நகரத்தை நடத்தும் பெண். நிதானமான குரல், ஒரு வார்த்தை வீணாகாது. போலீஸைப் பற்றி மக்கள் புகார் நிறைய வந்திருக்கிறது. பதினைந்தாம் தேதி அவர் முன்னிலையில் தேர்வு. குறைந்தது பன்னிரண்டு பேர் தேறவேண்டும். இல்லையென்றால் துறையைக் கலைத்துவிட்டுத் தனியார் காவலாளிகளை வைப்பாராம். அவர்களுக்குக் கட்டுப்பாட்டு அறை கிடையாது.

அதாவது, கண்ட்ரோல் கிடையாது.

ஜூன் 11, புதன்

கமிஷனர் தனியாக அழைத்தார்.

"மேடம், ஆறேழு பேரு தேறுவாங்களான்னே சந்தேகமா இருக்குதுங்க. நம்ம பசங்க நாலு பேத்துக்கு மட்டும் கொஞ்சம் கண்ண மூடிக்குங்க."

"கண்ணை மூடிட்டு மார்க் போட எனக்குத் தெரியாது."

"உங்க நல்லதுக்குந்தானுங்க சொல்றன். டிபார்ட்மென்ட் போச்சுன்னா நீங்களும் நானும் எங்கீங்க போறது?"

அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்து மணிக்கு வகுப்பைத் தொடங்கினேன். தினமும் கூடுதலாக அரை மணி நேரம் பயிற்சி என்று அறிவித்தேன். யாரும் முனகவில்லை. பயம் வந்திருக்கிறது, நல்லது.

பதினேழு மட்டும் நடுவில் கேட்டார்: "கண்ட்ரோல், ஒரு அஞ்சு நிமிசம் எந்திரிச்சுட்டு வாரேன். கொஞ்சம் சாப்பிடணும்."

"பணியில இருக்கும்போது சாப்பாடு கிடையாது. ஓவர்."

"ஊசி போட்டாச்சு மேடம், அதான்…"

"பதினேழு. இரண்டாவது புள்ளி."

அதன் பிறகு அவர் வேறு பேச்சு எடுக்கவில்லை. முதல் முறையாக ஒழுங்காகப் பேசினார். எண், இடம், செய்தி. ஆளைத் திருத்த முடியும் என்பதற்கு இது உதாரணம்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். கோயிலுக்குப் போகவில்லை. என் கணவர் லூர்துநாதனின் சட்டைகளைக் கொடுத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 14, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. நாளைக்கான தாள்கள் தயார்.

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குத் தேர்வு தொடங்கவேண்டும். டி.எஸ்.பி. ஒருவருக்கு இணையம் வராததால் ஐந்து நாற்பதுக்குத்தான் தொடங்கியது. மேயர் பார்வையாளராக இருந்தார், பேசவில்லை. தேர்வு இதுதான்: நகைக்கடையில் திருட்டு, திருடன் காரில் தப்புகிறான், ஒவ்வொரு காவலரும் முறைவைத்துத் துரத்தி, இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். திருடன் வேடத்துக்குச் சில்வண்டு வந்திருந்தான். இந்த நகரத்தில் அவனைப் போல் கார் ஓட்டுபவன் இல்லை. வாயும் அப்படியே.

முதல் எட்டுப் பேரில் ஏழு பேர் தேறினார்கள். என் ஆட்கள். மேயருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

6.10: பதினேழு, "கண்ட்ரோல், என் முறை எப்போ வரும்?" என்று கேட்டார். காத்திருக்கச் சொன்னேன். எழுந்து போகலாமா என்றார். தேர்வு முடியும் வரை யாரும் எழக்கூடாது என்றேன். "சரிங்க மேடம்."

6.34: அவர் முறை. தொடக்கம் நன்றாக இருந்தது.

6.38: இடத்தைத் தவறாகச் சொன்னார். துறைமுகச் சாலையில் இருந்துகொண்டு சந்தை என்றார். சில்வண்டு தன் காரிலிருந்து கத்திக் கிண்டல் செய்தது பதினேழின் மைக் வழியாகக் கேட்டது: "யோவ் பதினேழு, பிடிக்கிறதா இருந்தா பிடியும்! சும்மா பின்னால வந்து உரசிக்கிட்டு!"

6.40: நாக்குக் குழறியது. "கண்ட்ரோல்… வண்டி… எல்லாம் வெள்ளையா இருக்கு." இடத்தைச் சொல்லும்படி கேட்டேன். சிரித்தார். காரணமில்லாத சிரிப்பு. தேர்வுக்குக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தாளில் குறித்தேன்.

6.42: "பதினேழுக்கு… ஆம்புலன்ஸ் வேணும், கண்ட்ரோல்." விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கேட்டால் அனுப்புவது முறை. புதுத்துறை ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. இரண்டு பேர் இறங்கி, ஜீப்பின் பக்கத்தில் அசையாமல் நின்ற பதினேழுக்குக் கட்டுப் போட்டார்கள். தேவையில்லாமல் ஆம்புலன்ஸ் கேட்டதற்கு ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

6.45: சில்வண்டு காரைத் திருப்பிக்கொண்டு வந்தான். வயர்லெஸ்ஸில் திருடன் பேசவே கூடாது. பேசினான். "ஏய், எல்லாரும் நிறுத்துங்கப்பா. அண்ணே! பதினேழு அண்ணே! இது வெளையாட்டுக்கா, நெசமாவா? வாயத் திறந்து சொல்லுங்கண்ணே!" பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் சில்வண்டை அமைதியாக இருக்கச் சொன்னேன். அவன் திட்டிவிட்டு நகரத்தைவிட்டே வெளியேறினான்.

வேடத்தைக் கலைத்துத் தேர்வைக் கெடுத்ததற்காக அவன் மேல் எழுத்தில் புகார் கொடுத்தேன். பதினேழு தேறவில்லை. வேறொருவரைத் திருடனாக்கி, ஏழு மணி தாண்டியும் மீதித் தேர்வை நடத்தி முடித்தேன். மொத்தம் தேறியது பதினொன்று.

கமிஷனர் கெஞ்சினார். "ஒருத்தருதானுங்க மேடம். பதினேழப் போட்டுட்டா பன்னெண்டு ஆயிருமுங்க."

"குடிச்சிட்டு வந்தவருக்கு என் கையெழுத்து விழாது."

இரவு இட்லி. நாளை திரைச்சீலைகளைத் துவைக்கவேண்டும்.

ஜூன் 16, திங்கள்

குடிக்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் நினைவு திரும்பவில்லை.

அவர் கடையில்தான் சில்வண்டு தங்கையின் கல்யாணப் பத்திரிகை அடித்தானாம். அதில் கீழே கடையின் போன் நம்பர் இருந்திருக்கிறது. நேற்று 6.47க்கு அதில் கூப்பிட்டிருக்கிறான். பக்கத்துக் கடைக்காரர் எடுத்து, ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். கமிஷனர்தான் சொன்னார்.

திரைச்சீலைகளைத் துவைத்தேன். நான்கு ஜன்னல், எட்டுத் துண்டு. காய்ந்தது. மாட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

நினைவு திரும்பவில்லை.

ஜூன் 18, புதன்

காலையில் கண் விழித்தாராம். மனைவியை அடையாளம் தெரிந்ததாம். இட்லி கேட்டாராம்.

முழங்காலைப் பார்க்காமல் மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மேயர் விசாரணை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை. துறையைக் கலைப்பதா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வாராம். எல்லோரும் வரவேண்டும். அதற்குள் சில்வண்டுக்கு ஒரு வருடத் தடை போட்டாகிவிட்டது. காரணம், என் புகார். விதிப்படி சரியான தடை. அந்த விதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான்.

கமிஷனர் மாலையில் பேசினார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"மேடம், வயர்லெஸ் பதிவு உங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தானுங்க இருக்குது?"

"ஆமாம். பயிற்சிக்காக நான்தான் எடுத்து வைக்கிறேன்."

"மேயருக்கு வண்டி ஓடறது தெரியும், அவ்வளவுதானுங்க. வயர்லெஸ்ஸு அவிங்களுக்குக் கேக்காது. அன்னிக்கு லைனு சரியில்ல, பதினேழு பேசுனது யாருக்குமே கேக்கலைன்னு சொல்லிப்போடலாமுங்க. அத அழிச்சிருங்க. டிபார்ட்மென்ட்டும் பொழைக்கும், உங்க பேரும் கெடாது."

"மத்தவங்களுக்குக் கேட்டதே."

"நம்ம பசங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அதுக்கு நானாச்சு."

"சில்வண்டு?"

"அவன் திருடனுங்க மேடம். அவன் சொல்றத யாரு கேப்பாங்க?"

யோசிக்கிறேன் என்றேன். முப்பத்து நான்கு வருட வேலையில் இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. உடனே ஆம், அல்லது இல்லை.

ஜூன் 21, சனி

பதிவை மூன்று முறை கேட்டேன். முதல் முறை என் வேலை எப்படி இருந்தது என்று கேட்டேன். உச்சரிப்பு தெளிவு. நேரம் தவறவில்லை. ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை.

இரண்டாம் முறை அவரை மட்டும் கேட்டேன். வெளியுலகம் கிடையாது என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு புள்ளி வாங்கியிருந்தார். மூன்றாவது வாங்கினால் வெளியே. ஆகவே மயங்கிக்கொண்டிருந்த மனிதர், நான் கற்றுக்கொடுத்த முறையிலேயே, எண்ணைச் சொல்லி உதவி கேட்டிருக்கிறார். நான் கணினிக்குள் இருக்கும் ஆம்புலன்ஸை அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் முறை அந்தச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தெரியாதென்று இந்த நோட்டில் எழுதினால் அது பொய். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரைக்கு லூர்துநாதன் நாற்காலியில் உட்கார்ந்து இப்படித்தான் சிரித்தார். சட்டை நனைந்திருந்தது. பேச்சுக் குழறியது. பதினெட்டு வருடச் சர்க்கரை. பால்ய நண்பர் ஒருவர் வந்துபோயிருந்தார். இருவரும் சேர்ந்து குடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "ஒழுங்காகப் பேச முடிந்தால் பேசுங்கள். வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலைக்குப் போனேன். ஏழு மணிக்குத் திரும்பினேன்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். ரோஸ்லினுக்கும் அதுதான் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

புதுத்துறை நகர மண்டபம். அறுபது பேருக்கு மேல். கமிஷனர் முதலில் பேசினார்; லைன் சரியில்லை என்றார், அழகாகவே சொன்னார். மேயர் என்னைக் கேட்டார்.

"கண்ட்ரோல், உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. பதிவு இருக்கிறது."

போட்டுக் காட்டினேன். 6.10இலிருந்து 6.46 வரை, வெட்டாமல். ஆம்புலன்ஸ் வந்த இடத்தில் யாரோ அழுதார்கள். ஒலி முடிந்ததும் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். காவலர் பதினேழு இருமுறை எழுந்துபோக அனுமதி கேட்டார், மறுத்தது நான். குடிபோதை என்று குறித்தது நான், அது அவதூறு. அவர் உடல்நிலையை ஊகிக்க எனக்கு மற்றவர்களைவிடக் காரணம் அதிகம் இருந்தது. சில்வண்டு மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குகிறேன். பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.

என்ன காரணம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கமிஷனர் தனி லைனில் வந்தார். "நல்லாப் பண்ணுனீங்க மேடம். மொத்தமா மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

மேயர் சில்வண்டின் தடையை நீக்கினார். போலீஸ் துறையை ஒரு மாதம் மூடினார். அதற்குள் இப்படி நடக்காதிருக்க ஒரு வழி கண்டுபிடித்துக் கற்றுக்கொடுத்தால் திறக்கலாம், இல்லையென்றால் நிரந்தரமாக மூடுவதுதான் என்றார். யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டார்.

"சில்வண்டு," என்றேன்.

"திருடனுங்களா!" என்றார் கமிஷனர்.

"அன்று ஒழுங்காக நடந்துகொண்டது அவன் ஒருவன்தான்."

சில்வண்டு தொண்டையைக் கனைத்தான். "மேடம், ஏற்கெனவே எங்க ஏரியாவுல எவனும் என்ன மதிக்க மாட்டேங்கான். இதுல போலீஸ் வாத்தியார்னா அவ்வளவுதான்."

பல நாட்களுக்குப் பிறகு மண்டபத்தில் சிரிப்பு.

இரவு ரோஸ்லினைக் கூப்பிட்டேன். பிப்ரவரி ஒன்பதைச் சொன்னேன். "நாளைக்குப் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

ரோஸ்லின் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

சில்வண்டின் விதி எளிமையானது. நகரத்துக்குள் எல்லோருக்கும் புனைபெயர். நிஜமாகவே ஆபத்து என்றால், வயர்லெஸ்ஸில் சொந்தப் பெயரைச் சொன்னால் போதும். அந்தக் கணமே எல்லாம் நிற்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, எந்த ஊர், அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.

நான் அதற்கு ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. இரண்டு வாக்கியங்களைச் சுருக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

சோதனை நாள். மேயர் வந்திருந்தார். பதினேழும் வந்திருந்தார், ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் முறையாக. சீருடைதான், ஆனால் துரத்தல் வேண்டாமென்று சந்தையில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தார்கள். அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து எழுதிப் பார்த்திருந்தேன். பாதியில் நிறுத்தினார்.

"விடுங்க மேடம். இப்பம் டிராயர்ல கடலை மிட்டாய் வச்சிருக்கேன். புள்ளி போட்டாலும் திம்பேன்."

"போட மாட்டேன்."

"தெரியும் மேடம்."

நான் மறுபடி வயர்லெஸ் முன்னால். தொடங்கும் முன் சில்வண்டு எனக்கு மட்டும் செய்தி அனுப்பினான்: யாராவது ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல், நடுவில் தன் பெயரைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று மேயர் பார்ப்பார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொல்லுவியன்னு ஒருத்தனும் எதிர்பாக்க மாட்டான்."

ஒப்புக்கொண்டேன். பரிசோதனைதானே.

ஐந்தரை ஆனது. சொல்லவில்லை. ஆறு ஆனது. ஒரு நகைத் திருட்டு, ஒரு லாரி கவிழ்ந்தது, டி.எஸ்.பி. வழக்கம்போல் வண்டியைச் சுவரில் விட்டார். சில்வண்டு கேள்விக்குறி ஒன்று அனுப்பினான். 6.12க்குப் பட்டனை அழுத்தினேன்.

"அமலோற்பவம்."

எல்லாம் நின்றது. துறைமுகச் சாலையில் ஏழு கார்கள் அப்படியே நின்றன. திருடன் ஒருவன் பையோடு சுவர்மேல் நின்றான். வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. நான் இத்தனை மாதம் சொல்லியும் கொண்டுவர முடியாத அமைதி.

பிறகு பதினேழின் குரல். "அமலோற்பவம் மேடம். அமலோற்பவம் மேடம், கேக்குதா? எந்த ஊரு? பக்கத்துல யாரு இருக்கா?"

பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பெயரை என் வீட்டுக்குள் யாரும் சொல்லவில்லை.

"திருச்சி," என்றேன். "பாலக்கரை. பக்கத்துல யாரும் இல்லை."

"கதவு தெறந்திருக்கா மேடம்? போன் நம்பர் சொல்லுங்க, நான் ஆள் அனுப்புதேன்."

சில்வண்டு சொல்லிக்கொடுத்ததில் கதவும் போன் நம்பரும் கிடையாது. பதினேழு தானாகச் சேர்த்துக்கொண்டது. அதைக் குறையாகக் குறிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் 'சோதனை மட்டும்' என்று சொல்லவேண்டும். சொன்னேன். அவர் கேட்டு முடித்ததிலிருந்து அதற்குள் பதினோரு விநாடி ஆகிவிட்டது. பதிவில் இருக்கிறது. அழிக்கவில்லை.